குப்பைத்தொட்டிக்குப் போன பெல்ட்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், அரங்கம் நிறைந்த உங்களுக்கும் வணக்கம். வணக்கத்தை நீட்டினால் மணியடிக்கும்போது முக்கால்வாசிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"குத்துச்சண்டைக்குப் புத்துயிர் தருவது கனவு மோதல்களா, கட்டமைப்புச் சீர்திருத்தமா?" இதுதான் தலைப்பு. கனவு மோதல்களே என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் ஐயா சற்று முன் அழகாகப் பேசினார். உலகப் பட்டம் தருவதற்கு நான்கு அமைப்புகள், பதினேழு எடைப்பிரிவுகள், யார் உண்மையான சாம்பியன் என்றே தெரியாத குழப்பம், ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்குமா போகுமா என்று 2025 வரை நீடித்த இழுபறி என்று எல்லாவற்றையும் அடுக்கினார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. கைதட்டல் எப்போது வந்தது? கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி ஒன்று விட்டாரே, அப்போதுதான். என்ன சொன்னார்? "58 வயதுத் தாத்தாவைக் கூட்டிவந்து, 27 வயது யூடியூப் பையனிடம் அடி வாங்க வைத்தீர்களே, அதுதானே உங்கள் கனவு மோதல்?"

அரங்கமே சிரித்தது. என் அணியிலேயே ஒருவர் சிரித்தார், பார்த்தேன். ஐயா, பதில் இருக்கிறது. வருகிறேன். அதற்கு முன் ஒரு குப்பைத்தொட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1988, சியோல் ஒலிம்பிக். சூப்பர் ஹெவிவெயிட், அதாவது மிக அதிக எடைப்பிரிவின் இறுதிப்போட்டி. ஒரு மூலையில் அமெரிக்காவின் ரிடிக் போவ். எதிர் மூலையில் கனடாவுக்காக வந்த லெனக்ஸ் லூயிஸ். இருவருமே மலை மாதிரி ஆட்கள். இரண்டாவது சுற்றில் லூயிஸ் வெளுத்து வாங்கினார். ரெஃப்ரி நடுவில் புகுந்து சண்டையை நிறுத்தினார். தங்கம் லூயிஸுக்கு, வெள்ளி போவுக்கு.

இருவரும் தொழில்முறைக்கு வந்தார்கள். நான்கு வருடம் போயிற்று. 1992 நவம்பரில், லாஸ் வேகாஸில், எவாண்டர் ஹோலிஃபீல்டைப் பன்னிரண்டு சுற்று விரட்டி வென்று போவ் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆகிறார். ஒரு அமைப்பின் பட்ட பெல்ட் இல்லை, மூன்று அமைப்புகளின் பெல்ட். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் லூயிஸ் லண்டனில் ரேசர் ரடக்கை இரண்டாவது சுற்றில் சாய்த்து, அடுத்து சாம்பியனோடு மோதும் உரிமையை வாங்கி வைத்திருக்கிறார். சியோலில் தோற்றவர் இப்போது சாம்பியன். சியோலில் வென்றவர் வாசலில் நிற்கிறார். இதைவிட ஒரு மோதல் வேண்டுமா, சொல்லுங்கள்! உலகமே காத்திருந்தது.

டிசம்பர் மாதம். லண்டன். பத்திரிகைக்காரர்கள் கூடியிருக்கிறார்கள், கேமராக்கள் ஓடுகின்றன. போவ் வருகிறார். கையில், அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் பெல்ட். பச்சை நிறம், நடுவில் பெரிய தங்க வட்டம். கதாநாயகன் மாதிரி அதைத் தூக்கிக் காட்டப் போகிறார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி. பெல்ட்டை அதில் போட்டார்!

இல்லை, இல்லை, இப்படி அவசரமாகச் சொல்லித் தாண்டக்கூடிய காட்சி இல்லை இது. நடுவர் ஐயா அனுமதித்தால் இன்னொரு தரம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு பையன் ஏழெட்டு வயதில் கையுறை மாட்டுகிறான். விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறான். மூக்கு உடைகிறது, புருவம் கிழிகிறது, பல் ஆடுகிறது. எதற்கு? என்றாவது ஒருநாள் அந்தப் பெல்ட்டை இடுப்பில் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு. ஆயிரக்கணக்கான பேர் அதைத் தொட்டுப் பார்க்காமலே கிழவராகிப் போனார்கள். அந்தப் பெல்ட்டைத்தான் ஒரு சாம்பியன் இரண்டு விரலில் பிடித்துத் தொட்டிக்குள் போட்டார். ஏன்? அதை வைத்துக்கொண்டால் லூயிஸோடு மோதியாக வேண்டும் என்று விதி சொன்னது. விதியைத் தூக்கிப் போட்டார்.

இப்போது இதையே லூயிஸ் பக்கத்திலிருந்து பாருங்கள். டபிள்யூபிசி அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது. பட்டத்துக்காகக் களத்தில் சாம்பியனை நோக்கி ஒரு குத்துகூட விடாமல் உலக சாம்பியன்! கட்டிக்கொண்டு எந்த முகத்தோடு நிற்பது? சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? "என்னோடு மோதியிருக்க வேண்டியவன் எங்கே?" என்றுதானே அந்த மனிதனின் உள்மனம் கேட்டிருக்கும்?

மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது. அதுதான் எதிரணிக்கு. ஐயா, நீங்கள் கேட்கிற கட்டமைப்பு அன்றைக்கு இருந்ததா இல்லையா? இருந்தது. அடுத்த போட்டியாளர் யார் என்று விதி இருந்தது. சாம்பியன் மறுத்தால் பட்டம் போகும் என்று விதி இருந்தது. விதிப்படியே எல்லாம் நடந்தது. எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து சரி, முத்திரை சரி. சண்டை மட்டும் நடக்கவில்லை! 2004ல் லூயிஸ் ஓய்வு பெற்றார். போவ் அதற்கு வெகு முன்பே சரிந்துவிட்டார். தொழில்முறையில் இருவரும் ஒருநாள்கூட ஒரே களத்தில் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் ஹெவிவெயிட் பார்த்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அந்தக் குறை தீரவில்லை. விதிப்புத்தகத்தை எவ்வளவு திருத்தினாலும் சரி, மோத வேண்டிய இருவர் மோதாவிட்டால் குத்துச்சண்டை அந்தத் தொட்டிக்குள்தான் கிடக்கும்.

சரி, இப்போது தாத்தாவுக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 15, டெக்சாஸின் ஆர்லிங்டன். மைக் டைசனும் ஜேக் பாலும். இரண்டு நிமிடச் சுற்றுகளாக எட்டுச் சுற்று. அந்தச் சண்டையை நான் தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. ஒரு காலத்தில் 91 வினாடியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸைக் காலி செய்த மனிதர், கால் பின்னக் களத்தில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு வலித்தது. அது கனவு மோதல் இல்லை ஐயா, வேடிக்கை. கனவு மோதல் என்றால் யார் ஜெயிப்பார் என்று இரண்டு பேரைப் பெற்ற தாய்க்கும் தெரியக்கூடாது. இருவருமே உச்சத்தில் இருக்க வேண்டும், தோற்றால் இருவருக்குமே இழப்பதற்கு நிறைய இருக்க வேண்டும்.

ஆனால் ஐயா பாதிக் கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதே இரவில், அதே களத்தில், டைசனுக்குச் சற்று முன்னால் இரண்டு பெண்கள் ஏறினார்களே, அவர்களை ஏன் சொல்லவில்லை?

கேட்டி டெய்லர், அயர்லாந்து. சின்ன வயதில் பெண்களுக்குப் போட்டியே கிடையாது என்பதால் தலைக்கவசத்துக்குள் முடியைச் செருகி மறைத்துக்கொண்டு பையன்களோடு மோதிய பெண். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அமாண்டா செரானோ, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர், ஏழு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். இந்த இருவரும் மோதினால் எப்படி இருக்கும் என்று ரசிகர்கள் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2022 ஏப்ரல் 30ல் அது நடந்தது. எங்கே? நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் 1971ல் மோதிய அரங்கம் அது. அங்கே பெண்களின் குத்துச்சண்டை முதன்மைப் போட்டியாக நடந்தது அதுவே முதல் முறை. டிக்கெட் எல்லாம் தீர்ந்து போயிற்று.

ஐந்தாவது சுற்றை மட்டும் சொல்கிறேன். செரானோ இடது கையால் இறக்கினார் பாருங்கள், டெய்லரின் தலை பின்னால் போய் வருகிறது. மூக்கிலிருந்து ரத்தம். கால் தள்ளாடுகிறது. கயிற்றோரம் ஒதுக்கிவைத்து செரானோ அடிக்கிறார், அடிக்கிறார், அடித்துக்கொண்டே இருக்கிறார். அரங்கத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. ரெஃப்ரி எப்போது நிறுத்துவாரோ என்று எல்லாருடைய கண்ணும் அவர் கைமேல். டெய்லர் விழவில்லை. பின்வாங்கினார் என்று நினைத்தால் திரும்பி ஒரு வலது கை விட்டார். மணியடித்தது. மூலைக்கு நடந்து போனார். கடைசிச் சுற்றில் இரண்டு பேரும் நடுக்களத்தில் நின்று, தடுப்பதை மறந்து, மாறி மாறி அடித்துக்கொண்டு முடித்தார்கள். மூன்று புள்ளி நடுவர்களில் இரண்டு பேர் டெய்லர் பக்கம், ஒருவர் செரானோ பக்கம்.

இவர்களின் இரண்டாவது மோதல்தான் அந்த டைசன் இரவில் நடந்தது. தலையோடு தலை மோதி செரானோவின் புருவம் கிழிந்து தொங்கியது, அந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பத்துச் சுற்றும் சண்டை போட்டார். மூன்று நடுவர்களும் டெய்லருக்கு 95க்கு 94. ஒரே ஒரு புள்ளி! அந்த முடிவை ஏற்காதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அதுவரை மிக அதிகமான பேர் பார்த்த பெண்கள் தொழில்முறை விளையாட்டு நிகழ்ச்சி அதுதான். டைசனை வேடிக்கை பார்க்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர்கள், எழுந்து போகும்போது இரண்டு பெண்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மூன்றாவது மோதல், மறுபடியும் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இந்த முறை அந்த இரவின் எல்லாப் போட்டியும் பெண்கள் போட்டி. ஐயா, நீங்கள் கேட்ட கட்டமைப்பு, வாய்ப்பு, சம்பளம் எல்லாம் எப்படி வந்தது பார்த்தீர்களா? மோதல் முன்னால் நடந்தது. அதெல்லாம் அதன் பின்னால் ஓடி வந்தது.

இன்னொன்று. ஐயா "தாத்தா" என்று சொன்னது எனக்கு முள்ளாகக் குத்துகிறது. குத்துச்சண்டையில் அந்த வார்த்தையை யோசித்துப் பயன்படுத்த வேண்டும். ஜார்ஜ் ஃபோர்மன் என்று ஒருவர் இருந்தார். 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம். 25 வயது சாம்பியன் ஃபோர்மன், 32 வயது அலி. அப்போது அலியைத்தான் எல்லாரும் தாத்தா என்றார்கள்! இந்தச் சண்டைக்குப் பிறகு அலி உயிரோடு திரும்புவாரா என்றுகூடப் பயந்தார்கள். அலி என்ன செய்தார்? கயிற்றில் சாய்ந்துகொண்டார். அடி, நன்றாக அடி என்று விட்டுவிட்டார். ஃபோர்மன் அடித்து அடித்துக் கை ஓய்ந்து போனார். எட்டாவது சுற்றில் அலியின் வலது கை பேசியது. உலகம் தலைகீழானது.

தோற்ற ஃபோர்மனின் கதை அங்கே முடியவில்லை. அவர் குத்துச்சண்டையை விட்டார், மதபோதகர் ஆனார், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். தலையில் முடி இல்லை, வயிறு முன்னால் வந்திருந்தது. 1994 நவம்பர் 5. அவருக்கு 45 வயது. எதிரில் சாம்பியன் மைக்கேல் மூரர், தோல்வியே அறியாதவர். ஒன்பது சுற்று வரை மூரர்தான் முன்னால். பத்தாவது சுற்றில் ஃபோர்மனின் வலது கை நேராகப் போயிற்று. மூரர் மல்லாந்தார். இருபது வருடம் கழித்துப் பட்டம் திரும்பி வந்தது. ஃபோர்மன் அன்றைக்குக் கட்டியிருந்த கால்சட்டை எது தெரியுமா? கின்ஷாசாவில் அலியிடம் தோற்ற அன்று போட்டிருந்த அதே கால்சட்டை! அலியோடு நடந்த அந்த ஒரு மோதல் அந்த மனிதருக்குள் இருபது வருடம் எரிந்திருக்கிறது ஐயா. எந்தச் சீர்திருத்தக் கமிட்டி ஒரு மனிதனுக்குள் அப்படி நெருப்பு வைக்கும்?

எதிரணிச் சகோதரி ஒருவர் மேவெதர்–பாக்கியாவ் சண்டையைச் சொன்னார். கனவு மோதல் என்றீர்கள், பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்களே என்றார். நியாயமான கேள்வி. 2015 மே 2ல் அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் காசு கட்டி வாங்கிப் பார்த்தார்கள், கூட்டம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சண்டை ஏன் சப்பென்று போயிற்று? 2010லேயே நடந்திருக்க வேண்டியது. ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை விஷயத்தில் பேச்சு முறிந்தது, அப்புறம் வீம்பு, அப்புறம் பணக் கணக்கு. ஐந்து வருடம் போயிற்று. மேவெதருக்கு 38, பாக்கியாவுக்கு 36. கனவில் குற்றமில்லை அம்மா, ஆறப்போட்டவர்கள்மேல்தான் குற்றம். கிராஃபோர்ட்–ஸ்பென்ஸ் மோதலும் அப்படித்தான் இழுத்தடிக்கப்பட்டது, ஃப்யூரி–ஜோஷ்வா மோதலையும் உச்சத்தில் இருக்கும்போது நடத்தாமல் விட்டார்கள். இதையெல்லாம் நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது அரங்கத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி. 1966ன் அலி. கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த, பட்டாம்பூச்சிக் கால்களோடு இருந்த அலி. எதிரில் 1988ன் டைசன். யார் ஜெயிப்பார்?

கேட்கிறதா நடுவர் ஐயா? பின்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்! முன்வரிசையில் அப்பாவும் மகனும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எதிரணி நான்கு அமைப்புகளைப் பற்றிப் பேசியபோது யாராவது எழுந்து நின்றார்களா? நடக்கவே முடியாத ஒரு மோதலின் பெயரைச் சொன்னதும் இந்த அரங்கம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நடக்க முடியாததைக்கூட மனிதர்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 1969ல், ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு வீட்டில் இருந்தார் அலி. ராக்கி மார்சியானோ 49 சண்டையில் 49 வெற்றியோடு ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. இருவரில் யார் பெரியவர் என்று கணினியிடம் கேட்போம் என்றார் ஒரு தயாரிப்பாளர். இருவரையும் ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குக் கூட்டி வந்தார். மார்சியானோ சுமார் 20 கிலோ எடையைக் குறைத்தார், வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபது சுற்று படம் பிடித்தார்கள். பல முடிவுகளை எடுத்து வைத்தார்கள், எது திரையில் வரும் என்று இருவருக்குமே சொல்லவில்லை. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20ல், ஒரே ஒரு இரவு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரையரங்குகளில் படம் ஓடியது. அமெரிக்காவில் மார்சியானோ பதின்மூன்றாவது சுற்றில் வென்றார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியிலோ அலி வென்றார். ஒருவர் தடை செய்யப்பட்டவர், இன்னொருவர் உயிரோடே இல்லை, சண்டையும் உண்மையில்லை. இருந்தும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். அந்தத் தாகம் எங்கும் போய்விடவில்லை.

கட்டமைப்பைப் பற்றி நான் பேசவே இல்லை என்று எதிரணி சொல்லும். இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காசு கட்டினால்தான் காட்டுவேன் என்ற ஒளிபரப்பு முறை பல ரசிகர்களை வெளியே நிறுத்தியது, உண்மை. 2025 செப்டம்பரில் மெக்சிகோவின் கானெலோவோடு மோத அமெரிக்காவின் கிராஃபோர்ட் இரண்டு எடைப்பிரிவு மேலேறி வந்தபோது, நெட்ஃப்ளிக்ஸ் தனிக் கட்டணம் இல்லாமல் காட்டியது. லாஸ் வேகாஸில் 70,482 பேர் நேரில் பார்த்தார்கள், வீட்டில் இருந்து பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். நல்ல மாற்றம்தான், வரவேற்கிறேன். ஆனால் அந்தத் திரையில் கானெலோவும் கிராஃபோர்டும் இல்லாமல் வேறு யாரோ இருவர் நின்றிருந்தால் அத்தனை பேர் பார்த்திருப்பார்களா?

1981ல் அலி ஓய்வு பெற்றபோதும் இப்படித்தான் குத்துச்சண்டை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. லெனர்ட், ஹேக்லர், ஹியர்ன்ஸ், டுரான் என்று நான்கு பேர். 1980க்கும் 1989க்கும் நடுவில் இவர்களுக்குள்ளேயே ஒன்பது முறை மோதிக்கொண்டார்கள். என் பதிவு கெட்டுவிடும், என் பூஜ்யத் தோல்வி போய்விடும் என்று யாரும் ஒளியவில்லை. 1985 ஏப்ரல் 15ல் ஹேக்லரும் ஹியர்ன்ஸும் மோதியது எட்டே நிமிடம். முதல் சுற்றிலேயே ஹியர்ன்ஸின் வலது கை எலும்பு உடைந்தது. ஹேக்லரின் நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கின் இரு பக்கமும் வழிகிறது. மூன்றாவது சுற்றில் ரெஃப்ரி அவரை மருத்துவரிடம் கூட்டிப் போகிறார். நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். மருத்துவர் விட்டுவிட்டார். திரும்பி வந்த ஹேக்லர் ஹியர்ன்ஸைக் களம் முழுக்கத் துரத்தி, தாவிப் பாய்ந்து அடித்து வீழ்த்தினார். எழுந்து நின்ற ஹியர்ன்ஸ் ரெஃப்ரியின் கையிலேயே சரிந்தார். அந்த எட்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் கையுறை மாட்டிய பையன்கள் எத்தனை பேரோ.

இன்றைக்கும் அந்தத் துணிச்சல் இருக்கிறது. ஜப்பானின் நயோயா இனோவே 2024ல் தோக்கியோ டோமில் நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் முதல் சுற்றிலேயே விழுந்தார், வாழ்க்கையில் முதல் தடவை. எழுந்தார், ஆறாவது சுற்றில் லூயிஸ் நெரியை முடித்தார். 2025ல் ஒரு விருது விழாவில், அதே அரங்கில் உட்கார்ந்திருந்த ஜுன்டோ நகாதானியை, அடுத்த ஆண்டு தோக்கியோ டோமில் மோதலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இருவருமே அன்றுவரை தோல்வி காணாதவர்கள். நகாதானி ஒப்புக்கொண்டார். போவ் தொட்டியில் போட்ட பெல்ட்டுக்கு இவர்கள் இருவரும்தான் ஐயா மரியாதை செய்தார்கள்.

நேரம் ஆகிறது என்று நடுவர் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இது வாதமில்லை, என் மனசுக்குள் கிடக்கும் விஷயம்.

1936ல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங், தோல்வியே அறியாத ஜோ லூயிஸை பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். 1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் மறுமோதல். ஹிட்லரின் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப் பெருமைக்குச் சின்னமாகக் காட்டிக்கொண்டிருந்தது. லூயிஸ் ஒரு கறுப்பினத் தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளை. சொந்த நாட்டிலேயே பல ஓட்டல்களில் அவருக்குச் சோறு கிடைக்காது. அன்றைக்கு அந்த நாடே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுமார் எழுபதாயிரம் பேர் நேரில், கோடிக்கணக்கானவர்கள் வானொலியில். 124 வினாடி. முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார் லூயிஸ்.

அடிபட்ட ஷ்மெலிங் கெட்டவரா? நாஜிக் கட்சியில் அவர் சேரவே இல்லை. யூதரான தன் மேலாளரை விடச் சொன்னபோது விடவில்லை. அதே 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோவில்களும் எரிந்த அந்த நாட்களில், தன் யூத நண்பரின் இரண்டு மகன்களை பெர்லினில் தன் ஓட்டல் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். ஐம்பது வருடம் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

போர் முடிந்தது. 1954ல் ஷ்மெலிங் அமெரிக்கா போய் லூயிஸைத் தேடிப் பிடித்தார். அன்றிலிருந்து நண்பர்கள். ஷ்மெலிங் தொழிலில் வசதியானார். லூயிஸோ வரிக் கடனில் மூழ்கி, கடைசியில் ஒரு சூதாட்ட விடுதியின் வாசலில் வருபவர்களுக்குக் கைகொடுக்கும் வேலை பார்த்தார். உலக சாம்பியனாகப் பன்னிரண்டு வருடம் இருந்த மனிதர்! தன்னை 124 வினாடியில் வீழ்த்தியவருக்குப் பணம் கொடுத்து உதவினார் ஷ்மெலிங். 1981ல் லூயிஸ் இறந்தபோது இறுதிச் சடங்கின் செலவிலும் பங்கெடுத்தார்.

அந்த இரண்டு பேரையும் இரண்டு தேசங்கள் எதிரிகளாக்கிப் பார்த்தன. களத்தில் நேருக்கு நேர் நின்ற பிறகு அவர்கள் அண்ணன் தம்பி ஆனார்கள். ஒருவன் எவ்வளவு தாங்குவான், எந்த இடத்தில் உடைவான், உடைந்த பிறகு எப்படி நிமிர்வான் என்பது அவனோடு மோதியவனுக்கு மட்டும்தானே தெரியும்? போவுக்கும் லெனக்ஸ் லூயிஸுக்கும் அது கிடைக்காமலே போய்விட்டது. இனி வருகிற பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்.

மணியடித்துவிட்டது நடுவர் ஐயா. ஷ்மெலிங் 2005 வரை இருந்தார், 99 வயது. ஜோ லூயிஸுக்கும் மாக்ஸ் ஷ்மெலிங்குக்கும் சேர்த்து, அந்த யாங்கி ஸ்டேடியம் வரை கேட்கிற மாதிரி, ஒருதரம் பலமாகக் கைதட்டுங்கள். எதிரணியும் சேர்ந்து தட்டலாம். நன்றி, வணக்கம்.